சர்வர் மாற்றியபின் வேர்ட்ஃபென்ஸ் எழுத முடியவில்லை என்கிறதா? 777 போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இது: சி-பேனல் ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருந்த வேர்ட்பிரஸ் தளத்தை உபுண்டு 22.04 போட்ட விபிஎஸ்ஸுக்கு மாற்றியாகிவிட்டது. அங்கே என்ஜின்எக்ஸ் என்னும் வெப் சர்வரும், பிஹெச்பி நிரல்களை இயக்கும் பிஹெச்பி-எஃப்பிஎம்மும் ஓடுகின்றன. தளம் நன்றாகத் திறக்கிறது. ஆனால் அட்மின் பக்கத்தில் வேர்ட்ஃபென்ஸ் என்னும் பாதுகாப்பு பிளகின், தன் அமைப்புகளை வைக்கும் டபிள்யூஎஃப்லாக்ஸ் ஃபோல்டரில் எழுத முடியவில்லை, ஃபயர்வால் ஓடாது என்று எச்சரிக்கிறது. பிளகின் அப்டேட் அழுத்தினால் எஃப்டிபி பாஸ்வேர்டு கேட்கிறது. டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டர் முழுக்க 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம்) போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார், போடலாமா?

போடாதீர்கள். எச்சரிக்கை மறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் டபிள்யூஎஃப்லாக்ஸுக்குள் ரூல்ஸ்.பிஹெச்பி என்று ஒரு ஃபைல் இருக்கிறது. ஃபயர்வால் விதிகள் அதில்தான் பிஹெச்பி நிரலாக இருக்கின்றன. தளத்துக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அது இயக்கப்படுகிறது, எக்ஸ்டெண்டட் ப்ரொடெக்‌ஷன் என்ற அமைப்பு போட்டிருந்தால் வேர்ட்பிரஸ் எழுந்திருப்பதற்கு முன்பே. அந்த ஃபோல்டரை 777 ஆக்கினால், அதே சர்வரில் எந்த யூசர் பெயரில் ஓடும் எந்த நிரலும் அந்த ஃபைலை மாற்றிவைக்கலாம். ஃபயர்வாலை வேலை செய்ய வைப்பதாக நினைத்துக்கொண்டு அதன் சாவியைத் தெருவில் போடும் வேலை இது. போதாக்குறைக்கு, எஸ்யூ-பிஹெச்பி போன்ற கண்டிப்பான அமைப்புகளில் குரூப்புக்கோ மற்றவர்களுக்கோ எழுதும் உரிமை உள்ள பிஹெச்பி ஃபைலை ஓடவே விடாது. 500 பிழைதான் வரும்.

உங்கள் சர்வரில் கெட்டது பெரும்பாலும் பெர்மிஷன் எண் இல்லை, ஓனர். லினக்ஸ் ஒரு ஃபைலின் ஓனரைப் பெயராக வைத்துக்கொள்வதில்லை. யூஐடி என்னும் எண்ணாக வைத்துக்கொள்கிறது. பழைய ஹோஸ்டிங்கில் உங்கள் கணக்கின் எண் 1047 என்று வைத்துக்கொள்ளுங்கள். டார் ஃபைலை ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள யூசராக) விரித்தால், அந்தப் பெயரில் யூசர் இல்லாத புதிய சர்வரில் 1047 அப்படியே வந்து உட்காரும். எல்எஸ் மைனஸ் எல் கொடுத்தால் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் எண் தெரிவது இதனால்தான். புதிய சர்வரில் அந்த எண் வேறொருவருடையதாக இருந்துவிட்டால் இன்னும் மோசம், உங்கள் தளம் அவர் சொத்தாகிவிடும். ஜிப்பை ரூட்டாக விரித்திருந்தால் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தம். எஸ்சிபி மூலம் உபுண்டு என்ற யூசராக ஏற்றியிருந்தால் உபுண்டுவுக்குச் சொந்தம்.

எந்த வழியில் வந்திருந்தாலும் ஃபைல்கள் 644, ஃபோல்டர்கள் 755 என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அதாவது ஓனர் தவிர மற்றவர்கள் படிக்கலாம், எழுத முடியாது. தளம் திறப்பதும் வேர்ட்ஃபென்ஸ் மட்டும் அழுவதும் ஒரே காரணத்தால்தான்: பக்கம் காட்டப் படித்தால் போதும், ஃபயர்வாலுக்கு எழுதவும் வேண்டும்.

ஆகவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, பிஹெச்பி யாராக ஓடுகிறது என்பது. சந்தேகமில்லாத வழி வேர்ட்ஃபென்ஸிலேயே இருக்கிறது. டூல்ஸ் பகுதியில் டயக்னாஸ்டிக்ஸ் பக்கம் போனால் ப்ராசஸ் ஓனர் என்று தனியாகக் காட்டும். டெர்மினலில் பார்ப்பதானால் உபுண்டு 22.04-இல் பிஹெச்பி 8.1-க்கான பூல் (பிஹெச்பி-எஃப்பிஎம் ஓட்டும் ப்ராசஸ்களின் தொகுதி) அமைப்பு /இடிசி/பிஹெச்பி/8.1/எஃப்பிஎம்/பூல்.டி/ ஃபோல்டரில் டபிள்யூடபிள்யூடபிள்யூ.கான்ஃப் என்ற ஃபைலில் இருக்கும். அதில் யூசர், குரூப் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் இரண்டுமே டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. ரெட் ஹேட் வகை சர்வர்களில் ஒரு பொறி உண்டு: வெப் சர்வர் என்ஜின்எக்ஸாகவே இருந்தாலும் பிஹெச்பி-எஃப்பிஎம் ஆரம்பத்தில் அப்பாச்சி என்ற யூசராகத்தான் ஓடும். என்ஜின்எக்ஸ் யூசருக்கு ஓனர் மாற்றிவிட்டு ஏன் எழுதவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் அதிகம். எழுதுவது என்ஜின்எக்ஸ் இல்லை, பிஹெச்பி.

அடுத்து, ஃபைல்கள் இப்போது யாரிடம் இருக்கின்றன. இதற்கு எல்எஸ்ஸைவிட நேம்ஐ கட்டளை உபயோகமானது. நேம்ஐ மைனஸ் எல் என்று அடித்து, டபிள்யூஎஃப்லாக்ஸின் முழுப் பாதையைக் கொடுங்கள் (கட்டளைகளையும் பாதைகளையும் இங்கே ஒலிப்பின்படி எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்). வேரிலிருந்து கடைசி ஃபோல்டர் வரை ஒவ்வொரு படியின் ஓனர், குரூப், உரிமைகள் வரிசையாக வரும். ஒரு ஃபோல்டருக்குள் போக அதன் மேலுள்ள எல்லா ஃபோல்டர்களிலும் எக்ஸ் உரிமை வேண்டும். நடுவில் ஒன்றில் இல்லையென்றால் கீழே என்ன போட்டாலும் பயனில்லை. தளத்தை /ஹோம் கீழ் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் பாருங்கள்: உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டர்கள் 755 ஆக இல்லாமல் 750 ஆக வருகின்றன. பழைய உபுண்டுவில் ஓடிய அதே அமைப்பு புதியதில் 403 கொடுப்பதற்கு இதுவே காரணமாக இருக்கும். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் 711 கொடுத்தால் போதும். வெளியார் கடந்து போகலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்க முடியாது.

இனி சரிசெய்வது. சர்வரில் இந்த ஒரு தளம் மட்டும்தான் என்றால், எல்லாவற்றையும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவுக்கு மாற்றிவிடலாம், வேலை முடிந்தது. இரண்டாவது தளம் வரப்போகிறது என்றால் இப்போதே ஒழுங்காகச் செய்துவிடுவது நல்லது: தளத்துக்கு ஒரு யூசர், அந்த யூசராக ஓடும் தனி எஃப்பிஎம் பூல். உதாரணத்துக்கு யூசர் பெயர் கடை என்று வைத்துக்கொள்வோம். பூல் ஃபைலில் யூசர், குரூப் இரண்டும் கடை. லிசன்.ஓனர், லிசன்.குரூப் இரண்டும் மட்டும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவாகவே இருக்க வேண்டும். பிஹெச்பியோடு பேச உதவும் சாக்கெட்டைத் திறப்பது என்ஜின்எக்ஸ் என்பதால் இதை மாற்றிவிட்டால் 502 வரும்.

பூல் தயாரானதும் தளத்தின் ரூட் ஃபோல்டர் முழுவதற்கும் சிஹெச்ஓன் பெரிய ஆர் கொடுத்து ஓனரையும் குரூப்பையும் கடைக்கு மாற்றுங்கள். டபிள்யூபி-கன்டென்ட்டுக்கு மட்டும் கொடுத்து நிறுத்திவிடாதீர்கள், ஏன் என்று எஃப்டிபி விஷயத்தில் சொல்கிறேன். பிறகு ஃபைன்ட் கட்டளையில் டைப் டி என்று ஃபோல்டர்களை மட்டும் பிடித்து 755, டைப் எஃப் என்று ஃபைல்களை மட்டும் பிடித்து 644. இரண்டையும் சேர்த்து ஒரே சிஹெச்மாட் பெரிய ஆர் 644 கொடுத்தால் ஃபோல்டர்களின் எக்ஸ் உரிமை போய், தளம் முழுதும் நின்றுவிடும். கடைசியாக டபிள்யூபி-கான்ஃபிக்.பிஹெச்பி-க்கு மட்டும் 600. அதைப் படிப்பது பிஹெச்பி மட்டும்தான், பிஹெச்பி இப்போது ஓனராகவே ஓடுகிறது, என்ஜின்எக்ஸுக்கு அது தேவையே இல்லை.

டபிள்யூஎஃப்லாக்ஸைத் தனியாகப் பார்க்க வேண்டும், பலர் தடுக்கி விழுவது இங்கேதான். அதிலுள்ள கான்ஃபிக்.பிஹெச்பி, அட்டாக்-டேட்டா.பிஹெச்பி, ஐபிஸ்.பிஹெச்பி போன்ற ஃபைல்களுக்கு 666 வரை கொடுத்துப் பார்த்தும் எச்சரிக்கை போகவில்லை என்பார்கள். போகாது. கான்ஃபிக்.பிஹெச்பி போன்ற அமைப்பு ஃபைல்களை வேர்ட்ஃபென்ஸ் திறந்து அதன்மேல் எழுதுவதில்லை. அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கி, முழுதும் எழுதி முடித்து, பழைய பெயருக்கு ரீநேம் செய்கிறது. ஒரே நேரத்தில் பல கோரிக்கைகள் வரும்போது பாதி எழுதிய அமைப்பை யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. லினக்ஸில் ஃபைல் உருவாக்குவதும் ரீநேம் செய்வதும் ஃபோல்டரின் உரிமையைப் பொறுத்தவை, ஃபைலின் உரிமையைப் பொறுத்தவை அல்ல. அதனால் ஃபோல்டரின் ஓனர் தவறாக இருந்தால் உள்ளே எந்த எண் போட்டும் பிரயோஜனம் இல்லை. இடையில் தடைபட்டு நின்ற முயற்சிகள், பெயரில் .டிஎம்பி. என்று வரும் குப்பை ஃபைல்களாக அந்த ஃபோல்டரில் கிடப்பதையும் சிலர் பார்த்திருப்பீர்கள். அவற்றை அழிக்கலாம்.

ஓனர் சரியான பிறகும் அமைப்பு ஃபைல்கள் கெட்டுவிட்டதாகச் சொன்னால், அந்த ஃபோல்டரையே அழித்துவிடுவது சுலபமான வழி. மேலுள்ள டபிள்யூபி-கன்டென்ட்டில் பிஹெச்பிக்கு எழுதும் உரிமை இருந்தால் வேர்ட்ஃபென்ஸ் அதைத் தானே மறுபடி உருவாக்கி, விதிகளையும் இறக்கிக்கொள்ளும். அழிக்கும் முன் ஃபயர்வால் பக்கத்திலுள்ள அனுமதிப்பட்டியல் முகவரிகளைக் குறித்துவையுங்கள். லேர்னிங் மோடில் அது கற்றுக்கொண்டதெல்லாம் அந்த ஃபோல்டரில்தான் இருந்தது. அழித்தபின் அதே பக்கத்தில் நிலை என்னவென்று பாருங்கள். லேர்னிங் மோடில் இருந்தால் ஃபயர்வால் எதையும் தடுக்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

எஃப்டிபி பாஸ்வேர்டு கேட்பது வேர்ட்ஃபென்ஸ் கோளாறு இல்லை, ஆனால் மூலம் ஒன்றுதான். அப்டேட்டுக்கு முன் வேர்ட்பிரஸ் ஒரு சோதனை ஃபைலை உருவாக்கி, அதன் ஓனரையும் டபிள்யூபி-அட்மின்னுக்குள் இருக்கும் தன் சொந்த ஃபைலின் ஓனரையும் ஒப்பிடுகிறது. இரண்டும் ஒரே ஆள் என்றால் நேரடியாக எழுதும். இல்லையென்றால், எழுத முடிந்தாலும்கூட, எஃப்டிபி கேட்கும். டபிள்யூபி-கன்டென்ட்டுக்கு மட்டும் ஓனர் மாற்றினால் டபிள்யூபி-அட்மின் பழைய எண்ணிலேயே நிற்கும், கேள்வி வந்துகொண்டே இருக்கும். டபிள்யூபி-கான்ஃபிக்கில் எஃப்எஸ்_மெத்தட் டைரக்ட் என்று ஒரு வரி சேர்த்தால் கேள்வி நிற்கும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். நிற்கும்தான். ஆனால் உண்மையில் எழுத முடியாத இடத்தில் அப்டேட் பாதியில் விழுந்து பிளகின் ஃபோல்டர் அரைகுறையாகும் வாய்ப்பும் சேர்ந்தே வரும். ஓனரைச் சரிசெய்தால் அந்த வரியே தேவைப்படாது.

இனி பாதை விஷயம். பெர்மிஷன் பிரச்சினை போலவே தோன்றும், ஆனால் இல்லை. பழைய ஹோஸ்டிங்கில் எக்ஸ்டெண்டட் ப்ரொடெக்‌ஷன் போட்டிருந்தால், தளத்தின் ரூட்டில் வேர்ட்ஃபென்ஸ்-வாஃப்.பிஹெச்பி என்ற ஃபைலும், .யூசர்.ஐஎன்ஐ-யில் ஆட்டோ_ப்ரீபெண்ட்_ஃபைல் என்று தொடங்கும் ஒரு வரியும் இருக்கும். வேர்ட்பிரஸ்ஸுக்கு முன் ஃபயர்வாலை ஏற்றச் சொல்லும் வரி அது. அதில் /ஹோம்/பழையபெயர்/பப்ளிக்_ஹெச்டிஎம்எல்/ என்று முழுப் பாதை எழுதியிருக்கும். தளம் இப்போது /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/கடை/ என்ற இடத்தில். பிஹெச்பி பழைய பாதையைத் தேடிக் கிடைக்காமல், எந்தப் பக்கமும் திறக்காமல் நிற்கும். எரர் லாகில், தேவையான ஃபைலைத் திறக்க முடியவில்லை என்ற பிழையுடன் பழைய பாதையும், ஃபைல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அன்நோன், வரி எண் 0 என்றும் இருக்கும். வரி எண் 0 தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், ப்ரீபெண்ட்தான்.

பாதையைத் திருத்தினால் போதும். ஆனால் திருத்திய நொடியே சரியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள்; .யூசர்.ஐஎன்ஐ-யைப் பிஹெச்பி 300 விநாடி நினைவில் வைத்திருக்கும். ஐந்து நிமிடம் பொறுங்கள், அல்லது எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதே காரணத்தால், இந்தப் பாதுகாப்பை எடுக்கும்போது வரிசை முக்கியம்: முதலில் வரியை நீக்கி, ஐந்து நிமிடம் விட்டு, பிறகுதான் வாஃப் ஃபைலை அழிக்க வேண்டும். அவசரப்பட்டு ஃபைலை முதலில் அழித்தவர்கள், அதே பெயரில் ஒரு காலி ஃபைலை வைத்தால் தளம் எழுந்துவிடும், நிதானமாக மற்றதைப் பார்க்கலாம். வாஃப் ஃபைலையும் ஒருமுறை திறந்து பாருங்கள். இப்போதைய வேர்ட்ஃபென்ஸ், தான் இருக்கும் ஃபோல்டரிலிருந்து பாதையைக் கணக்கிடும்படி அதை எழுதுகிறது. பல வருடம் முன்பு போட்டதில் முழுப் பாதையே உள்ளே எழுதியிருக்கும். அதையும் திருத்த வேண்டும்.

அப்பாச்சியில் மோட்-பிஹெச்பி வைத்திருந்தவர்களுக்கு இந்த வரி .யூசர்.ஐஎன்ஐ-யில் இல்லாமல் .ஹெச்டிஆக்சஸ்ஸில் இருக்கும். என்ஜின்எக்ஸ் அந்த ஃபைலைப் படிப்பதே இல்லை. பிழை எதுவும் வராது, எக்ஸ்டெண்டட் ப்ரொடெக்‌ஷன் சத்தமில்லாமல் போயிருக்கும். ஃபயர்வால் பக்கத்தில் ஆப்டிமைஸ் பட்டன் மறுபடி தோன்றினால் அதுதான் அர்த்தம்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஒரே சர்வரில் தளத்தை நகல் எடுத்து ஸ்டேஜிங் (சோதனைத் தளம்) வைத்தால், நகலின் .யூசர்.ஐஎன்ஐ மூலத் தளத்தின் வாஃப் ஃபைலைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். அந்த ஃபைல் அங்கே இருப்பதால் பிழை வராது. நகலின் ஃபயர்வால் மூலத் தளத்தின் டபிள்யூஎஃப்லாக்ஸில் எழுதப் பார்க்கும். இரண்டும் ஒரே யூசர் என்றால் இரண்டு தளமும் ஒரே அமைப்பைப் பகிர்ந்துகொண்டு குழம்பும். வேறு வேறு யூசர் என்றால் பெர்மிஷன் எச்சரிக்கை வரும், நகலின் ஃபோல்டரை எவ்வளவு திருத்தினாலும் போகாது.

ஓனர், எண், பாதை மூன்றும் சரி, இன்னும் எழுத முடியவில்லை என்றால் இயங்குதளத்தின் அளவில் பாருங்கள். ஆல்மாலினக்ஸ், ராக்கி போன்றவற்றில் முதல் சந்தேகம் எஸ்இலினக்ஸ், அதாவது ஃபைல்களின் லேபிளைப் பார்த்து அனுமதி தரும் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு. ரூட்டின் ஹோமில் விரித்த ஃபைல்களை எம்வி கொண்டு நகர்த்தினால், அவை பழைய இடத்தின் லேபிளைச் சுமந்துகொண்டே வரும். வெப் சர்வருக்கு அந்த லேபிள் ஆகாது. கெட்என்ஃபோர்ஸ் கொடுத்து என்ஃபோர்சிங் என்று வந்தால், ஏயூசர்ச் கட்டளையில் ஏவிசி வகைப் பதிவுகளைத் தேடுங்கள். பிஹெச்பி-எஃப்பிஎம் பெயரில் மறுப்பு இருந்தால் விஷயம் புரிந்துவிடும். செமானேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் மூலம் டபிள்யூபி-கன்டென்ட்டுக்கு ஹெச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கன்டென்ட்_டி என்ற வகையைப் பதிவுசெய்து, பிறகு ரெஸ்டோர்கான் ஓட்டுவதுதான் நிலையான தீர்வு. எஸ்இலினக்ஸையே அணைத்துவிடச் சொல்லும் ஆலோசனை 777-இன் அண்ணன். அங்கே விதிகள் மட்டும் இறங்கவில்லை, எழுதுவதெல்லாம் சரி என்றால், ஹெச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட் என்ற பூலியனைப் பாருங்கள். அது அணைந்திருந்தால் பிஹெச்பி வெளியே போய் எதையும் எடுத்துவர முடியாது.

உபுண்டுவில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பார்க்க வேண்டியது மூன்று. பூல் அமைப்பில், பிஹெச்பி தொடக்கூடிய ஃபோல்டர்களை வரையறுக்கும் ஓபன்_பேஸ்டிர் பழைய பாதையோடு நிற்கிறதா, எல்எஸ்ஏடிடிஆர் கொடுத்தால் ஃபைல்களில் ஐ என்ற கொடி தெரிகிறதா (.ஹெச்டிஆக்சஸ்ஸை யாரும் தொடக்கூடாது என்று முன்பு பூட்டிவைத்தவர்கள், டிஸ்க் இமேஜாகவே மாற்றியிருந்தால் பூட்டும் கூடவே வந்திருக்கும்), டிஎஃப் மைனஸ் ஐ காட்டும் ஐநோடுகள் (ஃபைல் ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் பதிவிடங்கள்) 100 சதவீதம் நிரம்பிவிட்டனவா. இடம் மிச்சமிருந்தும் ஐநோடு தீர்ந்துபோனால் புதிய ஃபைல் உருவாகாது, வேர்ட்ஃபென்ஸ் அதையும் எழுத முடியவில்லை என்றுதான் சொல்லும்.

சரிசெய்த ஒரு வாரத்தில் பிரச்சினை திரும்ப வந்தால், யாரோ ரூட்டாக வேலை செய்கிறார்கள் என்று பொருள். வழக்கமான குற்றவாளி, ரூட்டின் கிரான்டேபில் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலில்) ஓடும் டபிள்யூபி-சிஎல்ஐ என்னும் வேர்ட்பிரஸ் கமாண்ட் லைன் கருவி. அது பிளகினை அப்டேட் செய்தால் புதிய ஃபைல்கள் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாகும். அடுத்த அப்டேட்டைப் பிஹெச்பியால் செய்ய முடியாது. டபிள்யூபி-சிஎல்ஐ ரூட்டாக ஓட்டும்போது எச்சரித்து நிற்கும், அதைத் தாண்ட அலௌ-ரூட் என்று சேர்த்துவிடுகிறார்கள். அதை எடுத்துவிட்டு, அந்தக் கிரான் வரியை கடை யூசரின் கிரான்டேபுக்கு மாற்றுங்கள். டபிள்யூஎஃப்லாக்ஸ் மட்டும் இதில் தப்பிக்கும்: கமாண்ட் லைனிலிருந்து ஓடும்போது அதில் எழுதாமல் இருப்பதே வேர்ட்ஃபென்ஸின் வழக்கம், இதே ஓனர் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். வேண்டுமென்றே இரண்டு யூசர்கள் ஒரே குரூப்பில் இருந்து எழுதும் அமைப்பு வைத்திருந்தால், டபிள்யூஎஃப்வாஃப்_லாக்_ஃபைல்_மோட் என்ற மாறிலியை 0660 என்று வரையறுக்கலாம். முன்னால் இருக்கும் 0-வை விட்டுவிடாதீர்கள், பிஹெச்பிக்கு அது எண்ம எண் என்று தெரிய வேண்டும். எக்ஸ்டெண்டட் ப்ரொடெக்‌ஷன் இருந்தால் அந்த வரியை வாஃப் ஃபைலில் எழுதுங்கள், ஃபயர்வால் ஓடும் நேரத்தில் டபிள்யூபி-கான்ஃபிக் இன்னும் ஏற்றப்பட்டிருக்காது.

எல்லாம் முடிந்ததும் டயக்னாஸ்டிக்ஸ் பக்கத்தை மறுபடி திறந்து, ஃபைல் சிஸ்டம் பகுதியில் படிக்கும், எழுதும் சோதனைகள் தேறியிருக்கின்றனவா, ஃபயர்வால் பகுதியில் ஆட்டோ ப்ரீபெண்ட் இயங்குவதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு உலாவியில் உங்கள் தள முகவரிக்குப் பின்னால் /.யூசர்.ஐஎன்ஐ என்று அடித்துப் பாருங்கள். அப்பாச்சியில் அந்த ஃபைலை மறைத்தது .ஹெச்டிஆக்சஸ். என்ஜின்எக்ஸில் அது செல்லாது என்பதால், சர்வரின் முழுப் பாதை எழுத்தாக உலாவியில் தெரியக்கூடும். தெரிந்தால் என்ஜின்எக்ஸ் அமைப்பில் அந்தப் பெயருக்கு ஒரு லொகேஷன் பிளாக் எழுதி, டினை ஆல் போட்டு, என்ஜின்எக்ஸ் மைனஸ் டி கொடுத்துச் சரிபார்த்து ரீலோட் செய்யுங்கள்.